சின்னவளின் முறை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அண்ணன், அண்ணி மூவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் போனில் கேட்டால் "சூப்பர்மா" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, "ஒரு நிமிஷம்மா, இன்னொரு கால் வருது" என்று என்னை நிறுத்தி வைக்க முடியாது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என் காதில் விழும்படி முனகுகிறான். அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், பின்னால் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று சொல்லிக்கொடுப்பவர் புகார் சொன்னாராம். எதிர்வீட்டுப் பல் டாக்டர் போர்டை மாற்றிவிட்டார், இப்போது அதில் பல்லே இல்லை, ஏதோ இலை மாதிரி ஒன்று இருக்கிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி வை, அடியில் நாலு தடிப் புத்தகத்தை அடுக்கினால் போதும், அதற்கென்று ஒன்றும் வாங்க வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய கம்ப்யூட்டரை வாங்கிப்போக நீ ஏற்பாடு செய்து அனுப்பிய கண்காட்சிக்காரர் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டார், கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தொட்டார். அழுத்தினால் அழிரப்பர் மாதிரி அமுங்குகிற அந்த விசைகளைப் பார்த்து அப்பா அந்தக் கம்ப்யூட்டருக்கு வைத்த "ரப்பர்" என்ற பெயரையே நானும் சொன்னேன், அவருக்கு அது பிடித்துவிட்டது. கண்ணாடிப் பேழைக்குள் வைப்பார்களாம், பக்கத்தில் ஒரு அட்டையில் நம் குடும்பப் பெயரைப் போடுவார்களாம். "ஓடுமாம்மா இது?" என்று கேட்டார். ஓடும், அதனால்தான் கொடுப்பதற்கில்லை என்றேன். அவர் தயங்கித் தயங்கி, "உங்க பொண்ணு வேற மாதிரி சொன்னாங்களே, சும்மா தூசி படிஞ்சு கிடக்கு, அம்மா அதைத் தொடறதே இல்லன்னு" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தூசியாம். உன் அப்பா மூக்குக்கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியால் நான் வாரம் தவறாமல் துடைக்கிறேன். நீ போன தடவை வந்தபோது அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, தூசியை எங்கே பார்த்தாய்?

அந்தக் கம்ப்யூட்டரை உங்கள் படிப்புக்கு என்று அப்பா வாங்கினார். நீங்கள் இருவரும் அதில் தவளையைச் சாலை தாண்ட வைத்ததைத் தவிர வேறொன்றும் படித்ததாக எனக்கு நினைவில்லை. கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்தவள் நான். டிப்போவில் பஸ்களை நேரம் பார்த்து வெளியே அனுப்பிவிட்டு, இடைவேளையில் மேசைக்கு அடியில் வைத்து வாசிப்பேன். அந்தக் கையேட்டின் பின்பக்க விளம்பரத்தைப் பார்த்துத்தான் படம் வரைகிற ப்ரோகிராம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது, வரவழைத்ததும் நான்தான். இன்று நீ படம் வரைகிற வேலையில் இருக்கிறாய், பேட்டியில் "சின்ன வயசுலயே கம்ப்யூட்டர்ல வரைவேன்" என்று சொல்லியிருக்கிறாய், வாசித்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர்களும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. போகட்டும்.

நம் தெருப் படம் உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ஜன்னலில் தெரிந்த தெருவை நாலு பேருமாக வரைந்தோமே, சலவைக் கடை, பல் டாக்டர் போர்டு, விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம். ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் அந்த ப்ரோகிராம் விடாது. நீ தபால்பெட்டிக்குச் சிவப்பு அடிக்கப் போய், பக்கத்தில் இருந்த பூனையும் சிவந்துபோய், பூனைக்குக் காய்ச்சல் என்று அழுதாய். அப்பா அதை மாற்ற விடவில்லை. ஒருவர் முறையில் ஒரே ஒரு பொருள்தான் சேர்க்கலாம் அல்லது மாற்றலாம், பிறகு டேப் ரெக்கார்டரில் போட்ட கேசட்டில் சேவ் செய்துவிட வேண்டும், அடுத்தவர் முறை வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. அப்பா, அப்புறம் நீ, அப்புறம் நான், அப்புறம் அண்ணன். இந்த வரிசையை வகுத்தவள் நான், இருபது தடத்துப் பஸ்களை வரிசை குலையாமல் அனுப்பியவளுக்கு நாலு பேர் பெரிய விஷயமில்லை. ஒரே கேசட்தான், நகல் கூடாது என்பது அப்பாவின் விதி, இரண்டு இருந்தால் எது நம் தெரு என்று சண்டை வரும் என்பார். கேசட்டிலிருந்து படம் திரையில் ஏறி முடியும்வரை யாரும் நடக்கக் கூடாது, ஃபிரிட்ஜ் கதவு டொம்மென்று சாத்தினாலே பாதியில் நின்றுவிடும், அண்ணனை ஃபிரிட்ஜ் வாசலில் காவலுக்கு நிறுத்துவோம், அவன் உள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பான்.

நீ படிக்கக் கிளம்பிப் போன வாரம் அப்பாவின் முறை வந்தது. அதுதான் அவருடைய கடைசி முறையும். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை, ஏனென்றால் அடுத்தது நீ. அவர் காரியத்துக்காக நீ வந்த நாட்களில் இதைப் பேசும் நிலையில் யாரும் இல்லை. பிற்பாடு வந்தபோதெல்லாம் ரப்பரைப் போடட்டுமா என்று கேட்டேன், "அடுத்த தடவைம்மா" என்றாய். நான் மட்டும் அவ்வப்போது ஏற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் அணைத்துவிடுவேன். பிறகு டேப் ரெக்கார்டரின் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் இற்றுப்போயிற்று, அந்த அளவில் வேறு எங்கும் கிடைக்கவில்லை, அதோடு பார்ப்பதும் நின்றது.

கண்காட்சிக்காரர் போன பிறகு அண்ணன் நடுவராக வந்தான். "கேசட்ல இருக்கிறதைக் காப்பி பண்ணி வெச்சுக்கலாம்மா, மெஷினைக் குடுத்துடலாம், ரெண்டு பேருக்கும் சந்தோஷம்" என்றான். நகல் கூடாது என்று உன் அப்பா சொன்னதைச் சொன்னேன். "கேசட்டுக்கும் வயசாகுதும்மா" என்றான். அது நியாயமாகப் பட்டது, ஆனால் மெஷினைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை, அதையும் அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கேசட்டைக் கொடுத்தேன். பழைய பாட்டுக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற கடை ஒன்று மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிறது. என்ன கேசட் என்று சொல்லிக் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். இவன் போனில் பேசிக்கொண்டே கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

அந்தக் கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கேசட்டில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, ஒரே கிரீச் என்ற சத்தம். பாவம், இரைச்சலை நீக்குவதுதானே அவர் தொழில், மிகுந்த அக்கறையோடு முழுவதையும் நீக்கிவிட்டார். அண்ணன் பென் டிரைவைக் கொண்டுவந்து போட்டான், குண்டூசி விழுந்தால் கேட்கும், அப்படி ஒரு அமைதி. நம் தெரு முழுவதும், கடையும் கம்பமும் சிவப்புப் பூனையும், அந்தக் கிரீச்சுக்குள்தானே இருந்தது. கேசட்டையாவது கொடு என்றேன். அவன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. திருப்பிச் சுற்றும்போது கடை மெஷின் நாடாவை உள்ளே இழுத்து மென்றுவிட்டதாம், அறுந்து சுருண்டு கிடந்தது. இரண்டு நாள் நான் அவனைத் திட்டக்கூட இல்லை. அண்ணி வந்து, "அத்தை, திட்டவாவது திட்டிடுங்க, வீடு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள் நானே கடைக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்தச் சத்தம்தான் படம் என்று சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோம்மா, எலி கடிச்ச கேசட்டுன்னு நெனச்சு விடிய விடிய உட்கார்ந்து சுத்தம் பண்ணேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவராகவே எழுந்து கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தார். சில பேர் சுத்தம் செய்ததைக் கேட்டுவிட்டு, இரைச்சல் இல்லாமல் பழைய பாட்டு மாதிரியே இல்லை என்று திரும்பி வருவார்களாம், அதனால் முதலில் எடுத்ததை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருப்பாராம். ஸ்பீக்கரில் போட்டார். கிரீச்சென்று கடை முழுக்க அலறியது, வாசலில் நின்றிருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார், நான் போனை எடுத்து நீட்டினேன். அதை என் போனில் போட்டுக் கொடுத்தார், கையில் இருந்த உடைந்த மெஷின் ஒன்றிலிருந்து ரெக்கார்டருக்கு வளையமும் கழற்றித் தந்தார். அவர் மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. அண்ணன் மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பழைய டிவியை மேசையில் ஏற்றி, போனிலிருந்து ரப்பருக்கு ஒயர் கொடுத்தோம். சத்தம் குறைவாக இருந்தால் அது கண்டுகொள்ளவில்லை, கூடினால் பிழை என்றது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பிடித்தேன். ஃபிரிட்ஜால் இப்போது ஒன்றும் ஆகாது, ஆனாலும் அண்ணன் இந்த வயதில் அதன் முன்னால் போய் நின்றான், யாரும் சொல்லவில்லை. திரையில் கோடு கோடாக இறங்கியது, சலவைக் கடைக் கூரை தெரிந்தது, போர்டு தெரிந்தது, அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள், பாதித் தெரு வந்துவிட்டது, அப்போது போன் "டிங்" என்றது. எல்லாம் நின்றுபோயிற்று. யார் என்று பார்த்தால் நீ. "மெஷினைக் குடுத்தாச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். அண்ணன் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே மறந்துவிட்டது. அதனால்தான் உனக்கு நான் பதில் போடவில்லை, இந்தக் கடிதம்தான் பதில்.

விமானத்தில் ஏறினால் போனில் ஒன்றைத் தட்டிவிடுவாயே, அதைத் தட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். முதலில் கோடுகள் எல்லாம் வந்து முடிந்தன, பிறகு மேலிருந்து வண்ணம் இறங்கிக்கொண்டே வந்தது. பூனை சிவந்தது. கடைசியில் பஸ் நிறுத்தம். இனி எழுதப்போவதை நீ பார்த்ததில்லை, நானும் உன்னிடம் சொன்னதில்லை. நேரில் பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன், இவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கவில்லை. அப்பா தன் கடைசி முறையில் அந்த நிறுத்தத்து பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சூட்கேஸ் வரைந்தார். அவ்வளவுதான், நகத்தளவு, மேலே ஒரு கைப்பிடி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கை அல்லவா, ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். ஆள் எங்கே என்று கேட்டேன். "ஒரு முறைக்கு ஒண்ணுதானே. சூட்கேஸை நான் வெச்சுட்டேன், ஆளை அவளே வந்து வெக்கட்டும்" என்றார். சேவ் செய்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த சூட்கேஸ் அப்படியே இருக்கிறது சின்னவளே, ஒரு புள்ளி குறையவில்லை.

அந்தச் சத்தத்தை உனக்கு அனுப்பினால் போதும், ரப்பர் மாதிரியே நடிக்கிற ப்ரோகிராம் உன் கம்ப்யூட்டரில் ஓடும், அங்கேயே பார்த்துக்கொள்வாய் என்று அண்ணன் சொல்கிறான். உண்மையாகவே இருக்கலாம். நான் அனுப்ப மாட்டேன். அனுப்பினால் வேலைக்கு நடுவே பார்த்துவிட்டு "பார்த்தேன்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்று ஒரு வரி போடுவாய், பக்கத்தில் ஒரு இதயப் படம் ஒட்டுவாய். அதற்காக நான் மேம்பாலம் வரை போகவில்லை. கண்காட்சிக்காரருக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், ஒருவருடைய முறை பாக்கி இருக்கும்போது ஆட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு போவது வழக்கமில்லை என்று. அவர் புரிந்துகொண்டார். காத்திருக்கிறேன் என்றார். காத்திருக்கட்டும், நானும் அதைத்தானே செய்கிறேன்.

லீவு எப்போது கிடைக்கும் என்று பார்த்து எழுது. மாப்பிள்ளையையும் கூட்டி வா, அவருக்கு முறை கிடையாது, ஃபிரிட்ஜ் வாசலில் அண்ணனுக்குத் துணையாக நிற்கலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடாதே. உனக்குக் கையில் எடுத்த வேலையெல்லாம் நல்லபடியாக முடியட்டும், உடம்பில் ஒரு குறையும் வராமல் இரண்டு பேரும் நீண்ட நாள் சேர்ந்திருங்கள். புதுக் கேசட் ஒன்று உறை பிரிக்காமல் மேசையில் இருக்கிறது, ரெக்கார்டர் சுற்றுகிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், உனக்கு அடுத்தது நான். என்ன வரையப்போகிறேன் என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டேன், கேட்டாலும் சொல்ல மாட்டேன், முதலில் நீ வந்து அந்த சூட்கேஸுக்குப் பக்கத்தில் நில்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா