தரை இறங்கவில்லை

வீட்டை விட்டுப் போன வீட்டுக்காரிக்கு,

இங்கே ஒரு குறையும் இல்லை. வேலையில் நடந்ததை எழுதுகிறேன்.

ஆழ்கடல் தரையில் நாங்கள் வைத்திருக்கும் கருவி, தன்மேல் நிற்கும் நீரின் அழுத்தத்தை அளக்கும் என்பது உனக்குத் தெரியும். அழுத்தம் கூடினால் தரை இறங்குகிறது என்று பொருள். ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே வந்தது. தரை தாழ்கிறது என்று நான்தான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கப்பலில் போய், புதுக் கருவி ஒன்றை அதன் பக்கத்திலேயே இறக்கி ஒப்பிட்டோம். தரை இம்மியும் அசையவில்லை. எங்கள் கருவிதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகியிருக்கிறது. மேலதிகாரி சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம், அந்தக் கதைதான் போங்க."

நேற்று உன் தங்கை உன்னுடைய கம்பளிச் சட்டைகளை எடுக்க வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். "உங்கக்கா முன்ன மாதிரி இல்லம்மா" என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"அக்கா அப்படியேதான் இருக்கா மாமா" என்றாள். பச்சைச் சட்டையை மட்டும் காணோம் என்று தேடிவிட்டுப் போனாள்.

பழைய கருவியை நாங்கள் தூக்கிப் போடவில்லை. எவ்வளவு பிசகியிருக்கிறது என்று தெரிந்தால், அதைக் கழித்துக்கொண்டு தொடர்ந்து நம்பலாம். அது தெரிய, சரியான ஒன்று கொஞ்ச நாள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பச்சைச் சட்டை இங்கேதான் இருக்கிறது. நான்தான் அவளிடம் கொடுக்கவில்லை.

உன் வீட்டுக்காரன்