மருந்தில்லாத தட்டு

மராக்கேஷ்
3 பிப்ரவரி 1997

அன்புள்ள ஹம்மு,

பிரான்சுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? பேரீச்சையைக் கொல்லும் நம் பூஞ்சை இங்கே ஆய்வகத்தில் நலம். நீ அதற்குள் நுழைத்த மரபணுவும் நலம். பத்து நாளைக்கொருமுறை மருந்தில்லாத புது வளர்ப்புத் தட்டுக்கு மாற்றச் சொன்னாயே, இன்று ஆரம்பித்துவிட்டேன். உன் அம்மா, "அடியே, எம்மவன் உன்னைக் கட்டினானா, அந்தப் பூசணத்தைக் கட்டினானா?" என்கிறார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

உன் யாத்தோ

மோன்பெலியே
20 மார்ச்

என் யாத்தோவுக்கு,

உன் கடிதம் தலையணைக்கடியில் இருக்கிறது, சிரிக்காதே. பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்த தட்டில் அந்த மரபணு உள்ளது மட்டும்தான் பிழைக்கும். மருந்தின் நெருக்கடி இல்லாதபோதும் அது தங்குகிறதா என்பதுதான் என் ஆய்வே. பத்து மாற்றம் தாங்கினால் ஜூனில் வீட்டில் இருப்பேன். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம்.

ஹம்மு

மராக்கேஷ்
12 மே

ஹம்மு,

பத்தும் முடிந்தது. கடைசித் தட்டிலிருந்து இருபது துண்டு எடுத்து மருந்தில் வைத்துச் சோதித்தேன், இருபதும் பிழைத்தன. மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். வா.

உன் யாத்தோ

மோன்பெலியே
9 ஜூன்

யாத்தோ,

நேற்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இங்க நாலாவது மாத்தத்துலயே காணாமப் போயிடுச்சே. உன் பெண்டாட்டி தட்டுல மட்டும் என்னப்பா மாயம்?" எல்லோரும் சிரித்தார்கள். தட்டில் என்ன கலந்தாய்?

ஹம்மு

மராக்கேஷ்
18 ஜூன்

ஹம்மு,

மருந்து கலந்தேன். ஐந்தாவது மாற்றத்தில் இருபதில் மூன்றுதான் பிழைத்தன. அந்த வாரம்தான் இரண்டு வருடம் என்று நீ எழுதியது வந்தது. பிழைத்த மூன்றையும் மருந்திலேயே வளர்த்துப் பெருக்கினேன். நீ வந்துவிடுவாய் என்று மட்டுமே நினைத்தேன், உன் பெயர் கெடும் என்று நினைக்கவில்லை. என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது.

யாத்தோ

மராக்கேஷ்
2 டிசம்பர்

ஹம்மு,

உன் பதில் வராமலே நான் எழுதும் ஏழாவது கடிதம் இது. தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் நாம் பூஞ்சையின் ஒற்றை வித்திலிருந்து வளர்க்காமல் விட்டோம். மரபணு ஏறியதும் ஏறாததும் கலந்தே கிடந்திருக்கிறது. மருந்து நின்றதும் ஏறாதது பெருகிவிட்டது. இப்போது ஒரே ஒரு வித்தை எடுத்து வளர்த்தேன். பன்னிரண்டு மாற்றம், ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல். இருபதும் பிழைத்தன. அது வளரும் குழாயை இத்துடன் அனுப்புகிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், நீயே சோதித்துக்கொள்.

உன் அம்மாவுக்கு நீ எழுதுவதை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதில் என் பெயர் ஒருமுறைகூட இல்லை. நேற்றும், "உன்னையப் பத்தி என்னடி எழுதியிருக்கான்?" என்றார்.

"சீக்கிரம் வர்றேன்னு எழுதியிருக்காரு அத்தை" என்றேன்.

இப்போது நான் சொல்லும் பொய் இது ஒன்றுதான்.

யாத்தோ