பட்டாம்பூச்சி வரிசைக்கு யார் விலை சொல்வது

ஜூலை 7, திங்கள்

புகைமூட்டம். காயப்போட்ட துணியை ஈரத்தோடேயே உள்ளே எடுத்தேன். தொண்டை கரகரப்பு. வாங்க: வெங்காயம், இஞ்சி, குளியலறைக்கு பல்பு.

வேலை முடிந்து வந்தால் வாசலில் அத்தானின் மோட்டார் சைக்கிள். அக்கா இல்லாமல் தனியாக, சிம்பாங் அம்பாட்டிலிருந்து இங்கே ஆயர் குரோ வரைக்கும், இந்தப் புகையில். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. பழைய மலாக்கா மாநிலப் பட்டாம்பூச்சித் தபால்தலைகள், முழு வரிசை.

“நீதானே ஸ்டாம்ப் குரூப்புக்கு அட்மின். நல்ல ஆளா பார்த்து வித்துக் குடு விமலா. ஸ்கூல் வேன் ஓட்டலாம்னு ஒன்னு பார்த்து வச்சிருக்கேன். முன்பணம் கட்டணும்.”

எங்கே வாங்கியது? ஆன்லைனில். போன வருஷம், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவதை நிறுத்தி, சேமநிதிப் பணம் கைக்கு வந்த சமயம். விலையைச் சொன்னார். அதற்கு ஒரு புது மோட்டார் எடுத்திருக்கலாம்.

பள்ளிக்கூட நாளிலிருந்து தபால்தலை சேர்ப்பவள் நான். அதே வரிசை என் பெட்டியிலும் இருக்கிறது, ஒன்றுக்கு மேல். இரண்டு தட்டு மீ கோரேங் விலை. அதற்கு மேல் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன்.

முதலில் சிரித்தார். “நெட்டுல போய்ப் பாரு லா. எல்லாரும் அதே வெலதான் போட்டிருக்கான்.”

“போட்டிருக்கான் அத்தான். வித்திருக்கானா?”

அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். சாப்பிடவும் இல்லை. பல்பு வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 9, புதன்

அவர் சொன்னது உண்மைதான். தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அதே பட்டாம்பூச்சி. ‘அரியது’, ‘கடைசி ஒன்று’, ‘முதலீடு’. ஒருவன் வானத்துக்குப் போட்டால் அடுத்தவன் அதைப் பார்த்து அதே விலை போடுகிறான். அத்தானுக்கு விற்ற கடையும் அங்கேயே. ஐந்து நட்சத்திரம்.

திங்கட்கிழமையே அந்த விற்பனைத் தளத்துக்குப் புகார் அனுப்பியிருந்தேன். இன்று பதில். பொருள் அசல். விலை வைப்பது விற்பவர் உரிமை. நடவடிக்கை இல்லை. கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று ஒரு சிரிக்கும் முகம். எரிச்சல்.

மதிய இடைவேளையில் பயனீட்டாளர் புகார் கவுண்டர். மலாய்ப் பெண், சின்ன வயசு, தன்மையாகத்தான் பேசினாள். சீனி, எண்ணெய் விலை ஏறினால் பிடிக்கலாமாம். போலி என்றாலும் பிடிக்கலாமாம். இது போலி இல்லையே. “சுக்கா சாமா சுக்கா, காக்.” இரண்டு பேரும் இஷ்டப்பட்டுத்தானே, அக்கா.

பசியாறாமல் வேலைக்குத் திரும்பினேன்.

பெயர் சொல்லாமல் எங்கள் வாட்ஸ்அப் ஸ்டாம்ப் குழுவில் கேட்டேன்: விலையை யார் கட்டுப்படுத்துவது? ஒருவர்: “வாங்குறவன் கண்ணத் தொறந்து வாங்கணும் லா.” இன்னொருவர்: “அட்மின் எதுக்கு இருக்காங்க?” சிரிப்புப் படங்கள். நானும் ஒன்று போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

புகை குறையவில்லை. தலைவலி. முகத்துக்குப் பொருந்தாத முகக்கவசம், காது வெட்டுகிறது.

தளத்தில் புது விற்பனைப் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. பட்டாம்பூச்சி வரிசை, அதே பெரிய விலை. ‘அரியது, முதலீட்டுக்கு ஏற்றது.’ புகைப்படத்தில் அட்டைக்கு அடியில் விரித்திருந்த மேசைத்துணியில் பச்சை அன்னாசிப் படம். அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த துணி.

உடனே அத்தானைக் கூப்பிட்டேன்.

“ஆமா, நான்தான் போட்டேன்.”

“அந்த வெல இல்லன்னு தெரிஞ்சுமா?”

“எனக்கு வித்தப்ப எவனாவது தடுத்தானா? ஆபீஸ்காரன் தடுத்தானா? நான் போட்டா மட்டும் ஏன் எல்லாருக்கும் வலிக்குது?”

பின்னாலிருந்து அக்கா போனை வாங்கினாள். “நேர்மை பேசுறியே, அந்த வெலைக்கு நீயே வாங்கிக்க.” வைத்துவிட்டாள்.

வாங்கினால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முடியாது. அவ்வளவு என்னிடமும் இல்லை.

ஜூலை 12, சனி

மழை. ஒருவழியாக. ஜன்னலெல்லாம் திறந்துவிட்டேன்.

கவிதா என்று ஒரு பெண், ஜாசின் ஆஸ்பத்திரியில் தாதி, குழுவுக்குப் புதுசு. எனக்குத் தனியாகச் செய்தி. அத்தானின் பட்டியல். “அக்கா, இது நல்ல வெலயா? அப்பாவுக்கு பர்த்டே கிஃப்ட்.”

‘வேண்டாம்மா’ என்று தட்டினேன். அழித்தேன். ‘கொஞ்சம் அதிகம்’ என்று தட்டினேன். அதையும் அழித்தேன். வேன் ஞாபகம். அக்காவின் குரல். விற்பவர் வேறு யாராவது என்றால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன்.

ரசம் வைத்தேன். உப்பு கூடிப்போயிற்று. கொட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே கவிதா. “நீங்க ஒன்னும் சொல்லல, அப்ப ஓகேன்னு நெனச்சி வாங்கிட்டேன்க்கா. நாளைக்கு வேல முடிஞ்சி சிம்பாங் அம்பாட்டுல நேரா போய் எடுத்துக்கறேன்.” மூன்று இதயம்.

கோயிலுக்குப் போகவில்லை. துணி மடித்தேன், மறுபடி கலைத்து மடித்தேன். அவளுக்கு இப்போதே சொல்லலாம். அத்தானுக்குத் தெரியாமல், முதுகுக்குப் பின்னால். அது பிடிக்கவில்லை. சொல்வதென்றால் அவர் முகத்துக்கு முன்னால்.

ஜூலை 14, திங்கள்

வேலையிலிருந்து நேராக அக்கா வீடு. அக்கா கேட்டைத் திறந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. மேசைமேல் அட்டை.

கவிதா வந்தாள். தாதிச் சீருடையோடு, கையில் ஒரு டப்பா கூவே பலகாரம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அக்கா, நீங்களா! இவங்க உங்களுக்குச் சொந்தமா?”

“எங்க அக்கா வீட்டுக்காரர்.”

“பாத்தீங்களா, நல்ல ஆளுகிட்டதான் வந்திருக்கேன்.” அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அப்பாவுக்குப் பட்டாம்பூச்சின்னா உசுரு, அங்கிள். ரெண்டு மாசமா ஓவர்டைம் செஞ்சேன்.”

பணத்தைத் தளம் பிடித்து வைத்திருக்கிறது. பொருள் கிடைத்தது என்று அவள் அழுத்தினால் அத்தானுக்குப் போய்விடும். கைப்பேசியை எடுத்தாள்.

“அழுத்தாதம்மா. அது அந்த வெல பெறாது. நீ கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்.”

“விமலா, உள்ள போ,” என்றார் அத்தான். நான் போகவில்லை.

கவிதா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். “நீங்க எவ்ளோவுக்கு வாங்குனீங்க, அங்கிள்?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாங்கின விலையைச் சொன்னார்.

“அதே வெலயா? அப்ப உங்களையும்…”

அத்தான் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். “எந்தக் காசுலம்மா வாங்குன?” என்று கேட்டார். ஓவர்டைம் காசு என்று முன்பே சொன்னதைத்தான் அவளும் திருப்பிச் சொன்னாள். அவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“இத எப்டி கேன்சல் பண்றது? காட்டு.”

காட்டினேன். அவரே அழுத்தினார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம், வெகுநேரம்.

சரியான விலை என்ன என்று கவிதா என்னைக் கேட்டாள். சொன்னேன். ஒரே ஒரு நோட்டை மேசைமேல் வைத்து, அட்டையை எடுத்துக்கொண்டாள். கூவேயை விட்டுவிட்டுப் போனாள். அத்தான் அந்த நோட்டைப் பையில் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கிளம்பும்போது அக்கா வெளியே வரவில்லை. வழியெல்லாம் அழுகை. சரியான காரியம் செய்தவள் அழுவாளா.

ஜூலை 16, புதன்

வெயில். பல்பு வாங்கிப் போட்டாயிற்று.

அத்தானிடமிருந்து தளத்தின் அறிவிப்பு ஒன்று, அவர் வார்த்தை ஒன்றும் இல்லாமல். வாங்குபவர் கேட்காமலேயே விற்பவர் ஆர்டரை ரத்து செய்தது விதிமீறல். தண்டனைப் புள்ளி. கொஞ்ச நாளைக்குப் பொருள் எதுவும் போட முடியாது.

இரண்டு முறை படித்தேன். கூப்பிட்டேன்.

“பாத்தியா?” என்றார். “கடைசியில போலீஸ் வந்துருச்சு. என்னையப் புடிக்க.”

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

“வேனு?” என்று கேட்டேன்.

“வேற யாரோ எடுத்துட்டான்.”

பின்னால் அக்காவின் குரல். “யாரு, அவளா? வைங்க போன.”

“வச்சிர்றேம்மா,” என்றார். அக்காவிடம் சொன்னாரா, என்னிடமா, தெரியவில்லை.