ஐந்தாம் பல்

12-6-72, திங்கள்
வெயில். காலையில் கார் துடைப்பு; கூரை இல்லாததால் உள்ளேயும் தூசி. நேற்று ஹேண்ட்பிரேக்கை நாலு 'டக்' இழுத்து, நாலாம் பல்லில் நிறுத்திவிட்டுப் படுத்தேன். இன்று சாயங்காலம் ஆறாம் பல்லில். கார் தானாகப் பிரேக் போட்டுக்கொள்ளாது. வீட்டில் மூன்று பேர்: நான், கமலா, அவள் தம்பி ரவி. கமலாவுக்கு ஓட்டத் தெரியாது. ரவிக்குத் தெரியும். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட்; பகல் முழுக்க வீட்டில் 'தூக்கம்'. குறித்துக்கொண்டேன்.

13, செவ்வாய்
லீவு. காரணம்: வயிற்று வலி. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி. பிரேக் அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை முறுக்கி, சற்றுத் தளர்த்தி, பிறகு ஹேண்ட்பிரேக் கேபிள் நட்டையும் இறுக்கினேன். இப்போது மூன்றாம் பல்லிலேயே பிடிக்கிறது. பரம திருப்தி. கார் நிற்கும் கொல்லை, கிணற்றுப் பக்கமாகச் சரிவு. கார் மூக்கும் அந்தப் பக்கம்தான். கமலா அங்கே துவைத்தபடி, "இப்ப நிக்குமா?" என்றாள். "மலைமேலும் நிற்கும்." துணி வாளியைச் சற்றுத் தள்ளிவைத்துக்கொண்டாள். காற்று அதிகம் போலும்.

14, புதன்
ஆபீஸ் விட்டு வந்ததும் பார்த்தேன். மூன்றில் விட்டது, ஐந்தில். கார்க் கதவில் கறுப்பு நூல் கட்டினேன். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு. பெட்ரோல், குச்சி விட்டு அளந்தாகிவிட்டது. பிரேக், திரும்ப மூன்றில்.

15, வியாழன்
நூல் அறவில்லை. கோடு நகரவில்லை. பெட்ரோல் குறையவில்லை. பல் ஐந்து.
தேர்ந்த ஆள். ஓட்டிவிட்டு, நூலைத் திரும்பக் கட்டி, கோட்டுக்குக் கோடு நிறுத்தி, பெட்ரோலும் ஊற்றியிருக்கிறான். இந்தப் பொறுப்பை எஸ்டேட்டில் காட்டியிருந்தால் இந்நேரம் போர்மேன்.
கமலா ரேஷன் கடையில். நல்ல சமயம். ரவியை எழுப்பிக் கேட்டேன்.
"இன்னா மாமா, தூங்கினுகீறவனை எழுப்பி பேஜார் பண்றீங்க? அந்த டப்பாவ சும்மா குடுத்தாக்கூட தொடமாட்டேன்."
டப்பா என்றது பொறுக்கவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். டிரங்குப் பெட்டியோடு போய்விட்டான், கும்மிடிப்பூண்டியில் சினேகிதன் அறைக்கு. கமலாவிடம், "சினேகிதனைப் பார்க்கப் போயிருக்கிறான்." பொய் இல்லை.

16, வெள்ளி
மேகம். ரவி இல்லை. நேற்று மூன்றில் விட்ட பல், இன்றும் ஐந்து.
வெகுநேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கமலாவைக் கேட்டேன்.
"நான்தான். நீங்க ஆபீஸ் போனதும் ஒரு தபா நல்லா இழுத்து உடுவேன். அது என் முதுகப் பாத்துக்கினு நிக்குது. நான் கிணத்தாண்ட உக்காந்து துவைக்க வேணாமா?"
"கதவில் நூல் கட்டியிருந்தேனே?"
"கூரை இல்லாத காருக்குக் கதவு இன்னாத்துக்கு? மேலேர்ந்து கைய உட்டா பிரேக்கு."
"முன்பே சொல்வதற்கென்ன?"
"கேட்டீங்களா? ஆமா, ரவி எப்ப வரான்?"
சொல்லிவிட்டேன். அவள் பிழிந்துகொண்டிருந்தது என் சட்டை. நிறைய நேரம் பிழிந்தாள். "அவன் வந்தாதான் இந்த ஊட்ல அடுப்பு எரியும்."

17, சனி
நாஷ்டா இல்லை. காரிலேயே கும்மிடிப்பூண்டி. அறை வாசலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் மூன்றாம் பல். ரவி வெளியே வந்தான். என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தான்.
"தப்பு என்னுது. வாடா," என்றேன்.
"இருங்க மாமா."
உள்ளே போனான். பெட்டி எடுக்கத்தான் என்று நினைத்தேன். திரும்பி வந்தவன் கையில் ஒரு செங்கல். முன் சக்கரத்தின் அடியில் வைத்து, காலால் இரண்டு உதை உதைத்து இறுக்கினான். பெட்டி அதற்கப்புறம்தான்.