கோழி இல்லாத கூண்டுகள்

பிரியமுள்ள உங்களுக்கு,

நானும் மகளும் உடம்புக்குச் சௌக்கியம்தான். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதி, உங்கள் கம்பெனி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் ஆசைப்பட்டுப் பொரிக்க வைத்த ஜாதிக்கோழி முட்டையில் பதினான்கு குஞ்சு வந்ததல்லவா? கையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு முக்கால்வாசி பெட்டைதான் என்றீர்கள். உங்கள் ஜோசியத்தில் இடி விழ! ஒன்பது சேவல். மாடியில் இருக்கும் நர்ஸம்மாவுக்கு ராத்திரி வேலை. பகலில் கண்ணை மூடினால் ஒன்பதும் சேர்ந்து கூவுகின்றன. பாவம், அவள் அழுதே விட்டாள். சேவல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வாரம் கெடு வைத்தார்.

தெருத்தெருவாக அலைந்தேன். பெட்டை என்றால் வாயெல்லாம் பல், சேவல் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். தையற்காரர் ஒன்று எடுத்தார். பள்ளிக்கூட வாட்ச்மேன் தன் கோழிகளுக்குத் துணையாக இரண்டு கொண்டுபோனார். அப்போதுதான் உங்கள் கூட்டாளி மெக்கானிக்கை அனுப்பினீர்கள். கண்ணுக்குக் கண்ணாக வளர்க்கிறேன் அண்ணி என்று மீதி ஆறையும் அள்ளிக்கொண்டு போனார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நேற்று மகள், தான் பஞ்சு என்று பேர் வைத்து வளர்த்த சேவலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அழைத்துப் போனேன். பட்டறைக்குப் பின்னால் வரிசையாகக் கூண்டுகள். எல்லாவற்றிலும் சேவல். கோழி ஒன்றுகூட இல்லை. எதற்கு வளர்க்கிறான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? (இனி அவனுக்கு மரியாதை கிடையாது.) நம்முடையவை சாது, சேவல்சண்டைப் பந்தயத்துக்கு லாயக்கில்லையாம். அவன் சேவல்கள் கொத்திப் பழக, எதிரில் நிறுத்தத்தானாம். சிரித்துக்கொண்டே சொல்கிறான். நான்கு செத்துவிட்டன. பஞ்சுவுக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்று நொண்டுகிறது.

மகள் தூக்கப் போனாள். கூண்டைப் பூட்டிவிட்டான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது நல்லாவா இருக்கு, அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் தருகிறேன், அவருக்குத் தெரியாததா என்றான்.

இரண்டுக்கும் இடம் பார்த்துவிட்டேன். ஊருக்கு வெளியே நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அம்மா, கண் இல்லாவிட்டால் என்ன, கூவத் தொண்டை இருக்கிறதே, கொண்டு வா என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பந்தயம். அதற்கு முன்னால் மறுபடியும் பழக்குவான். கடிதம் கைக்கு வந்த நிமிஷமே அவனுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிடு என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு முன்பே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வரும் வழியெல்லாம் மகள்தான் அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பாவுக்குத் தெரியாது என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி