காலிப் பாட்டில் மருந்தோடு திரும்பி வந்தது

அனுப்புநர்:
பா. சண்முகவள்ளி, ஒன்பதாம் வகுப்பு,
த/பெ. பால்சாமி,
உத்தரகோசமங்கை,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மருந்து ஆய்வாளர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பழைய வலிப்பு மருந்துப் பாட்டிலில் போலி மருந்து விற்றது – சோதனையிட வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி சோணைமுத்துவுக்கு வயது ஆறு. வலிப்பு நோய் உண்டு. எங்கள் ஊர் ராக்கப்பன் மருந்துக் கடையில் வாங்கிய மருந்தால் ஒரு வருடமாக வலிப்பு வராமல் இருந்தான்.

2. என் தாயார் படிக்காதவர். அதனால் ஒவ்வொரு புதுப் பெட்டியின் மூடிக்குள்ளும் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்து, எத்தனை கரண்டியோ அத்தனை கோடு போட்டு வைப்பேன்.

3. காலிப் பாட்டிலைப் பழைய சாமானுக்குப் பழம் தரும் பேரீச்சம்பழக்காரரிடம் போடுவோம். "பெட்டியும் லேபிளும் கிழியாம இருந்தா இன்னொரு கை சேத்துத் தாரேன் தாயி" என்பார். எதற்கென்று நான் கேட்டதில்லை. துடைத்துப் பெட்டியில் வைத்து நானே கொடுத்தேன். பழத்தைத் தின்றவன் தம்பிதான்.

4. சென்ற வாரம் நான் பள்ளியில் இருந்தபோது தாயார் புது மருந்து வாங்கி வந்தார். மூடிக்குள் படம் இருந்ததால், நான் வரைந்துவிட்டேன் என்று நினைத்து அதைப் பார்த்தே கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் தம்பிக்கு வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தான். இடது கை வெந்துவிட்டது. "எந்தச் சாமிக்கு என்ன கொறை வச்சேன்" என்று தாயார் அழுதுகொண்டே இருக்கிறார்.

5. அதன் பிறகே படம் வரையப் பெட்டியை எடுத்தேன். நான் முன்பு வரைந்த படம் அதில் இருந்தது. லேபிளில் தேதியை மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். மருந்து வெறும் சர்க்கரைத் தண்ணீராக இனித்தது. கொட்டிவிட்டதாகப் பொய் சொல்லி அடி வாங்கினேன். மீதியை மறைத்து வைத்திருக்கிறேன்.

6. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது. தெரிந்தால் என் தந்தை நேரே கடைக்குச் சண்டைக்குப் போவார். நாங்கள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுவது ராக்கப்பன் நிலம். அவருக்கும் இது தெரியாமல் வந்ததா என்று நான் அறியேன்.

புதன்கிழமை தாயார் மறுபடியும் அதே கடைக்குப் போகிறார். அதற்குள் தாங்கள் வந்து, அந்த மருந்து யார் யார் கை மாறிக் கடைக்கு வந்தது என்று விசாரிக்க வேண்டுகிறேன். பேரீச்சம்பழக்காரர் பாட்டில்களை யாருக்குக் கொடுக்கிறார் என்றும் கேளுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம். பதிலும் வீட்டுக்கு வேண்டாம். எல்லோரும் தூங்கிய பின் எழுதுவதால் எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

இடம்: உத்தரகோசமங்கை
நாள்: 12.07.1998

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
பா. சண்முகவள்ளி

இணைப்பு: பிரித்து மடித்த பெட்டி ஒன்று.

பின்குறிப்பு: நான் படம் வரைந்து போட்ட பெட்டிகள் இன்னும் உண்டு. வேறு வீடுகளில் அவை இருந்தால், அந்தக் கோடுகள் என் தம்பிக்கான அளவு, அவர்கள் பிள்ளைக்கு அல்ல என்று தயவுசெய்து சொல்லுங்கள்.