மணல் வாளியில் நின்ற ஒரிஜினல் மரம்

இன்று டூட்டி முடிந்து வரும்போது சூப்பர்மார்க்கெட் வாசலில் மரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வலைக்குள் இறுக்கிக் கட்டி, சுவரோடு சாய்த்து வைத்த ஒரிஜினல் கிறிஸ்மஸ் மரங்கள். பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தேன். மூக்கை எங்கே திருப்புவது? அந்தப் பிசின் மணம் வந்து அடித்ததும் கால் நின்றுவிட்டது. அந்த மஞ்சள் தொப்பியோடு உன் முகம் வந்து முன்னால் நின்றது.

"மேடம், ட்ரீ சாஹியே?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இப்போது அது துபாயில் நம் கராமா ஃபிளாட்டில், நம் ஹாலில் நிற்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது, ஏட்டி?

அந்த வருடமும் இதே ஹால்தான். ஒரே கடற்கரையிலிருந்து வந்து, ஒரே கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்த்து, ஒரே அறையில் கட்டில் போட்டுக் கிடந்தவர்கள் நாம். உனக்கு நோய் என்று தெரிந்ததும் வைத்தியம் இங்கேதான் என்று முடிவாயிற்று. கிறிஸ்மஸுக்கு நீ ஊருக்குப் போக முடியாது. அதனால் உன் வீட்டுக்காரரும் உன் மகள் ஆன்சியும் விசிட் விசாவில் இங்கே வருவதாக ஏற்பாடு. அந்தச் செய்தி வந்த அன்றுதான் நீ ஆரம்பித்தாய்.

"ஏட்டி, ஒரிஜினல் மரம் ஒண்ணு வாங்கணும்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? எறங்கிப் போனா கடை கடையா பிளாஸ்டிக் மரம் கெடக்கு. மடக்கிக் கட்டிலுக்கு அடியில வச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆச்சி."

அடுத்த வருஷம் என்று சொன்ன பிறகுதான் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். நீ அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பொய்ப் பச்சை எனக்கு வேண்டாம்," என்றாய். "பிள்ள என்னயப் பாத்துப் பயந்திரும்ட்டி. தலையில முடி இல்ல, எலும்பும் தோலுமா இருக்கேன். அது கதவத் தொறந்து உள்ள வரச்சில, இந்த வீட்டுல ஒண்ணாவது பச்சையா நிக்கணும்."

இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? மரம் வந்தது. வலையை அறுத்ததும் கொப்புகள் மெல்ல மெல்ல விரிந்தன. நீ கிட்டப் போய் முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாய். மருந்து ஏறிய நாளிலிருந்து எந்த மணம் வந்தாலும் குமட்டிக்கொண்டிருந்த உனக்கு, அந்த மணம் மட்டும் பிடித்திருந்தது.

அதை நட்டு வைப்பதில் நமக்குச் சந்தேகம் என்று ஒன்று வரவே இல்லை. கிறிஸ்மஸ் மரம் வைக்க நமக்கா தெரியாது? பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். சவுக்குக் கொப்பை வெட்டி வருவார்கள். வாளியில் கடல் மணலை நிரப்பி, நடுவில் குத்தி, காலால் மிதித்து இறுக்கி, தண்ணீர் தெளித்து, வாளிக்கு ஜிகினாத்தாள் சுற்றினால் வேலை முடிந்தது. சவுக்கு ஒன்றும் பேசாமல் புதுவருடம் வரைக்கும் நிற்கும். ஆகவே நான் பஸ் பிடித்து ஜுமைரா கடற்கரைக்குப் போய், இரண்டு அரிசிப் பைகளில் மணல் அள்ளிக்கொண்டு வந்தேன். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நடுவில் நான் யூனிஃபார்மோடு குனிந்து மணல் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"துபாய்க்கு வந்து மணலத் திருடுன ஒரே ஆள் நீதான்ட்டி," என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு என்று மணல் மேல் தெளித்தோம். குடில் கட்டினோம், நட்சத்திரம் தொங்கவிட்டோம். ஊரிலிருந்து விசாவுக்குக் காத்திருக்கிறோம் என்ற செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் வாளியைச் சுற்றித் தரையில் மரத்தின் பச்சை ஊசி இலைகள் கிடந்தன. நான் பெருக்கி அள்ளிவிட்டு உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் அதைவிட அதிகம். நீயே பார்த்துவிட்டாய்.

குற்றத்தை முதலில் ஏசி மேல் போட்டோம். மருந்து ஏறிய நாட்களில் உனக்கு உடம்பெல்லாம் தீயாய் எரியும். டிசம்பர் மாதத்திலும் ஏசி இல்லாமல் உன்னால் இருக்க முடியாது. அந்தக் காற்று நேராக மரத்தின் மேல் அடிக்கும். நான் அடுக்களைக்குள் போனதும் நீ எழுந்து போய் ஏசியை அணைத்துவிட்டு வருவாய்.

"மரம் காயுதுட்டி."

"நீ வேகுதியே, அது கண்ணுக்குத் தெரியல்லியா?"

"எனக்கு வாய் இருக்கு, முடியல்லன்னா சொல்லுவேன். அதுக்கு வாய் இல்லல்லா."

நான் போட, நீ அணைக்க, இரண்டு பேரும் பச்சைப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை போட்டோம். மரத்தை ஜன்னலோரம் தள்ளினால் மத்தியான வெயில் கண்ணாடி வழியாக வந்து சுட்டது. மூலைக்கு இழுத்தால் ஏசி. அந்தச் சின்ன ஹாலில் அதற்கு என்று ஓர் இடம் இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு கை ஊசி உதிர்ந்தது.

கடைசியில்தான் ஃபோனில் தேடினேன். ஏதோ பனிநாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடித்தண்டில் ஒரு வில்லை கனத்துக்குப் புதிதாக அறுக்க வேண்டும். அறுத்த கையோடு தண்ணீருக்குள் நிறுத்த வேண்டும், அந்தத் தண்ணீர் ஒருபோதும் வற்றக் கூடாது. அறுத்த இடம் காய்ந்தால் பிசின் அதை மூடிவிடும், பிறகு மரம் தண்ணீர் குடிக்காது. மண்ணில், மணலில் மட்டும் குத்தி வைத்துவிடாதீர்கள் என்றார். நாம் இரண்டு பேரும் ஜிகினாத்தாள் சுற்றிய வாளியைப் பார்த்தோம்.

"நம்ம சவுக்கு இப்பிடி ஒரு கொணட்டலும் பண்ணாது," என்றாய் நீ. ஆனால் முகம் செத்துவிட்டது.

வாட்ச்மேனிடம் ரம்பம் இரவல் வாங்கினேன். மரத்தை ஹாலில் படுக்க வைத்து, நீ தண்டைப் பிடித்துக்கொள்ள, நான் முழங்காலில் நின்று அறுத்தேன். மணலைக் கொட்டி, வாளியைக் கழுவி, கல்லை அண்டக் கொடுத்து, தண்ணீருக்குள் நிறுத்தினோம். மரம் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கத் தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். மறுநாள் விடிந்ததும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றாய்.

"சிஸ்டர், பேஷண்டுக்கு இன்டேக் எவ்வளவு?"

"ஒண்ணும் எடுக்கல்ல, மேடம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு மறுநாள் சிரிக்கவில்லை. சர்க்கரை போட்டோம், குளுக்கோஸ் கரைத்தோம். தண்ணீர் அந்தக் கோட்டிலேயே அசையாமல் நின்றது. கண்ணுக்கே தெரியாத நரம்பைப் பச்சைக் குழந்தையின் கையில் தடவிக் கண்டுபிடிக்கிற நீ, தரையில் உட்கார்ந்து அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒரு நரம்பு கெடச்சாக்கூட டிரிப் ஏத்திப் பாக்கலாம்ட்டி," என்றாய். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மரத்துக்காகவா என்று கேட்காதே.

கிறிஸ்மஸ் போயிற்று. புதுவருடம் போயிற்று. மூன்று ராஜாக்கள் திருநாளும் போயிற்று. அதற்குப் பிறகுதான் விசா வந்தது. அதற்குள் மரம் துடைப்பக்கட்டையை நட்டு வைத்ததுபோல் ஆகிவிட்டது. யாரும் அதன் பக்கத்தில் வேகமாக நடக்கக் கூடாது என்று நீ சட்டம் போட்டிருந்தாய். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது நான் கெஞ்சினேன்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல்ல. வார வழியில பிளாஸ்டிக் ஒண்ணு வாங்கிட்டு வந்திருதேன்."

"வேண்டாம்னா வேண்டாம்."

கதவைத் திறந்ததும் ஆன்சி உள்ளே ஓடி, நடுவில் நின்றுவிட்டாள். உன்னைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். திரும்ப உன்னைப் பார்த்தாள். அவள் முகம் கோணுவதை நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். உன் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"அம்மா, இது ஒரிஜினல் மரமா?"

"ஆமா மக்ளே."

"பெறகு ஏன் பச்சையா இல்ல?"

நீ கண்ணை இமைக்கக்கூட இல்லை. "பச்சையா இருக்கதெல்லாம் பிளாஸ்டிக்குல்லா. ஒரிஜினல் மரம் இப்பிடித்தான் இருக்கும். தொட்டுப் பாரு."

அவள் தொட்டாள். ஊசிகள் பொலபொலவென்று கொட்டின. அவள் கையை மோந்து பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள், பிறகு நேராக வந்து உன் மடியில் ஏறிவிட்டாள். உன் தலையைப் பற்றியோ, தொப்பியைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தவக்காலத்தில் உன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. உன்னைக் கடைசியாக ஃபோனில்தான் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் ஸ்பூனால் தண்ணீர் ஊற்ற, அது கடைவாயில் வழிந்தது. "ஊத்தாதீங்கண்ணே, பஞ்ச நனைச்சு உதட்டுல மட்டும் வைங்க," என்று டூட்டி ரூம் மூலையில் நின்று சொல்லிக்கொடுத்தேன். எத்தனை பேருடைய உதட்டை நனைத்திருக்கிறேன் நான். உன்னுடையதை நனைக்க முடியவில்லை. அடக்கத்தையும் ஃபோனில்தான் பார்த்தேன். கோயில் வாசலில் உன் பெட்டி வந்த இடத்தில் நெட்வொர்க் நின்றுவிட்டது. "யல்லா, சிஸ்டர்," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

இப்போது எல்லாம் தெரிகிறது எனக்கு. இன்று மரம் வந்ததும் அடியை அறுத்தேன். தண்ணீர் நிற்கிற இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஏசிக் காற்று மேலே படாமல் அட்டை வைத்துத் தடுத்தேன், திரைச்சீலையை இழுத்து மூடினேன். சாயங்காலம் குனிந்து பார்த்தால் ஸ்டாண்டில் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஒரு செம்புக்கு மேல் குடித்திருக்கிறது! எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "குடி, நல்லா குடி, இப்ப குடிச்சு யாருக்கு என்ன?" என்று நின்று திட்டினேன். திட்டிவிட்டு இன்னொரு செம்பு ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்து ஆன்சி வீடியோவில் கூப்பிட்டாள். நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் உன் மகள். உன்னைப்போலவே வாய். எனக்குப் பின்னால் நின்ற மரத்தை உடனே பார்த்துவிட்டாள்.

"சித்தி, மரம் வாங்கிட்டீங்களா! பிளாஸ்டிக்குத்தான?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். அதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரிஜினல் மரம் பிரவுனா இருக்கும்னு கிளாஸுல சொன்னேன் சித்தி. எல்லாரும் சிரிக்காவ. அம்மா எனக்குக் காட்டுனால்லா? நான் தொட்டே பாத்தேன்லா?"

"பாத்தியே மக்ளே. நானும் பக்கத்துலதான நின்னேன்."

"அப்போ இது?"

ஹால் முழுக்க அந்த மணம். ஃபோனைப் பிடித்திருந்த விரல்களில் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது பிளாஸ்டிக்தான், மக்ளே," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாளைக்கே யாராவது அவளுக்கு விளக்கிச் சொல்லிவிடுவார்கள், ஏட்டி. அதை என்னால் தடுக்க முடியாது. மரத்தையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை, உன்னையும் முடியவில்லை. அவள் என்னிடம் கேட்கிறபோதெல்லாம், நீ சொன்னதையே நானும் சொல்லுவேன்.